இரட்டைக் கோடு: வடாற்காட்டில் உறவுமுறைத் திருமணமும் கருவறைப் படமும்

மரபியல் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்தின் வரலாற்றை மருத்துவர்கள் தாளில் மரமாக வரைந்துகொள்ளும்போது, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் இட்டு, கணவன் மனைவியை ஒற்றைக் கோட்டால் இணைப்பார்கள். இருவரும் இரத்த உறவினராக இருந்தால் அந்தக் கோடு இரட்டையாகும். நோயுற்றவரின் உருவம் முழுக்கக் கறுப்பாக நிரப்பப்படும், இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு விழும், பிறவாமலே கலைந்த கருவுக்கு ஒரு சிறு முக்கோணம் போதும். உலகெங்கும் ஒரே வகையில் வரையப்படும் இந்தக் குறிகளில், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களாக இன்று பிரிந்து கிடக்கும், பழைய வடாற்காட்டின் ஒரு பகுதியில் இரட்டைக் கோடு அரிய குறியாக இருந்ததே இல்லை. தாய்மாமன் அக்காள் மகளை மணந்த குடும்பமானால் அந்தக் கோடு கிடையாக ஓடாமல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சாய்ந்து இறங்கும். அதே வீட்டில் பாட்டனும் பாட்டியும் அத்தை மகனும் மாமன் மகளுமாக இருந்திருந்தால் ஒரே தாளில் இரண்டு மூன்று இரட்டைக் கோடுகள் அடுக்கடுக்காக அமையும். பிறக்கப் போகும் குழந்தையின் குறையைப் பிறப்பதற்கு முன்பே கேளா ஒலியால் கண்டறியும் கலை இந்த மண்ணில் என்ன பொருள் பெற்றது என்பதை அறிய, முதலில் அந்தக் கோட்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடாற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து, 2019-இல் அதன் வேலூர்ப் பகுதி மீண்டும் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூரிலும், மேல்விஷாரம் ராணிப்பேட்டையிலும் இருந்தாலும், பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்களைத் தோல் தொழில் ஒரே வட்டாரமாகக் கட்டி வைத்திருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோலைப் பதப்படுத்திய காலம் போய், குரோமிய உப்பின் காலம் வந்து, பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றிய ஊர்கள் பின்னர் காலணித் தொழிற்சாலைகளின் ஊர்களாயின. இன்று அந்தத் தொழிற்சாலைகளில் மேல்தோல் வெட்டித் தைக்கும் வரிசைகளில் அமர்ந்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் பெண்கள். கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்ணுக்கு அது பெரும்பாலும் ஒரு நாள் கூலி இழப்பும் ஆகும்.

இந்த வட்டாரத்தில் இரண்டு திருமண முறைகள் அருகருகே வாழ்கின்றன. தமிழ் இந்துக் குடும்பங்களில் உறவு என்பது பங்காளி, மாமன் மச்சான் என இரு கூறாகப் பிரியும். சித்தப்பா, பெரியப்பா மக்களும் சித்தி, பெரியம்மா மக்களும் உடன்பிறந்தாராகவே கருதப்படுவதால் அங்கே மணப்பேச்சுக்கே இடமில்லை; அத்தை மக்களும் மாமன் மக்களும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை ஆவதோடு, தாய்மாமனுக்கு அக்காள் மகள் மேல் உரிமையும் உண்டு. இந்த வழக்கத்தின் பழமைக்குச் சான்று வெளியிலிருந்தே கிடைக்கிறது: தென்னாட்டாருக்கே உரிய நடைமுறைகள் என்று பௌதாயன தர்மசூத்திரம் எண்ணிச் சொல்லும் ஐந்தில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது இடம்பெறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களின் எல்லைக்கோடு வேறு இடத்தில் விழுகிறது. உடன்பிறந்தாள் மகளை மணப்பதைக் குர்ஆன் வெளிப்படையாகத் தடுப்பதால் மாமன்–மருமகள் திருமணம் அங்கே எண்ணவும் முடியாதது. ஆனால் பங்காளிக்குள் தடை இல்லாததால் சித்தப்பா மகளையோ பெரியப்பா மகனையோ மணக்கலாம். தோல் மண்டியிலும் பதனிடும் கூடத்திலும் அண்ணன் தம்பிகள் கூட்டாளிகளாக இருந்த குடும்பங்களில், பங்கு பிரியாமல் இருக்க இந்தச் சம்பந்தம் உதவியது என்று கருத இடமுண்டு. நிலமுள்ள வேளாண் குடும்பம் மாமன் வீட்டுக்கே பெண்ணைத் திருப்பிக் கொடுத்ததன் பின்னணியிலும் ஏறக்குறைய அதே கணக்கோடு, தெரிந்த வீட்டில் பெண் கண்கலங்காமல் இருப்பாள் என்ற தாயின் நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கையை மூடப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

இந்தத் திருமணங்களை முறையாக எண்ணியவர்கள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள். அந்த நிறுவனம் பிறந்ததே பிள்ளைப்பேற்றை ஒட்டித்தான்: ஆண் மருத்துவரை அண்டவிடாத வீடுகளில் பிரசவத்தின்போது பெண்கள் மாள்வதைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கி, 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையை எழுப்பி, 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். 1960-களில் அங்கே பணியாற்றிய வில்லார்டு சென்டர்வால், சீக்ஃபிரீடு சென்டர்வால் என்ற அமெரிக்க மருத்துவத் தம்பதியர், தென்னிந்தியாவில் உறவுமுறைத் திருமணத்துக்கும் பிறவிக் குறைகளுக்கும் உள்ள தொடர்பு குறித்த ஒரு முன்னோட்ட ஆய்வை 1966-இல் வெளியிட்டனர். கிராமப்புற அகமண முறைகள் பற்றிய மற்றோர் ஆய்வு வில்லார்டு சென்டர்வாலும் உடனுழைத்தவர்களும் எழுதி 1969-இல் வந்தது. வில்லார்டு சென்டர்வால் அதற்கு முன்பே வேறொன்றுக்காக அறியப்பட்டவர். பீனைல்கீட்டோன்யூரியா என்ற பரம்பரை நோயில் உணவுப் புரதத்தின் ஒரு கூறான பீனைல் அலனின் உடலில் சிதையாமல் தேங்கி, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. குழந்தையின் ஈரத் துணியில் ஃபெரிக் குளோரைடு துளி விட்டால் பச்சை நிறம் தோன்றுவதைக் கொண்டே அந்நோயைக் கண்டறியலாம் என்று 1957-இல் காட்டியவர் அவர். இப்படிப்பட்ட, உடலின் வேதிமாற்றத்தில் மட்டுமே குடிகொள்ளும் நோய்களைக் கேளா ஒலி இன்றுவரை காட்டுவதில்லை என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறையைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் வடாற்காடு மாவட்டத்தில் நடத்தி 1977-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, கிராமங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டுத் திருமணங்களும் நகரங்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுத் திருமணங்களும் இரத்த உறவுக்குள் நடந்தவை என்று காட்டியது. அதைவிட வியப்பூட்டியது அதன் மறுபாதி: மகப்பேறின்மையிலோ, கருச்சிதைவிலோ, செத்துப் பிறத்தலிலோ, உறவில் மணந்தோருக்கும் அந்நியத்தில் மணந்தோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எல். டி. சங்வி 1966-இல் முன்வைத்திருந்த ஒரு கருத்துக்கு, அதாவது பல தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணந்துவரும் சமூகத்தில் உயிர்கொல்லி மரபணுக்கள் ஏற்கெனவே வெளிப்பட்டு வடிந்துபோயிருக்கும் என்ற கருத்துக்கு, இந்த முடிவு வலுச் சேர்ப்பதாகக் கொள்ளப்பட்டது. தாய்மாமன் திருமணத்தையே குற்றமாகப் பார்த்த மேனாட்டு மருத்துவ நூல்களுக்கு எதிரே, ஊர் ஊராகச் சென்று திரட்டிய தரவோடு நின்ற அந்த ஆய்வின் நேர்மை போற்றத்தக்கது.

ஆயினும் சராசரி என்பது ஊருக்குச் சொல்லும் விடை. ஒரு வீட்டுக்கு அது ஆறுதல் ஆகாது. மனிதருக்கு ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகளாக வாய்க்கிறது. ஒரு படி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும் வகை நோய்கள் ஒடுங்குநிலை நோய்கள் எனப்படும். அந்த ஒற்றைப் பழுதைச் சுமப்பவர் தாம் சுமப்பதை அறியாமலே நலமாக வாழ்ந்து முடிப்பார். கணவனும் மனைவியும் ஒரே பழுதைச் சுமக்கும்போதுதான் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு ஏற்படுகிறது. ஒரே மூதாதையிடமிருந்து ஒரே படி இரு வழியாகவும் இறங்கி வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, மாமன்–அக்காள் மகள் திருமணத்தில் எட்டில் ஒன்று, அத்தை மகன்–மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. இதில் நான்கில் ஒன்று என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் தவறாகவே கேட்டுக்கொள்கின்றன: முதல் குழந்தை போய்விட்டதால் அடுத்த மூன்றும் நன்றாக இருக்கும் என்று பாட்டி ஆறுதல் சொல்வாள். மரபணுவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

பாட்டியின் ஆறுதலுக்கும் ஆய்வாளரின் சராசரிக்கும் இடையே, இந்த ஒரு கருவின் நிலை என்ன என்று கேட்கும் வழியைத் திறந்தது ஒரு தொழிற்சாலைக் கருவி. மனிதக் காதுக்கு எட்டாத, விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உலோகத்துக்குள் செலுத்தி, அது திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உள்ளிருக்கும் விரிசலைக் கண்டறியும் முறை கொதிகலன் செய்யும் தொழிற்சாலைகளில் வழக்கத்தில் இருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரும் இரண்டாம் உலகப் போரில் ரேடார் அறிந்தவருமான இயன் டொனால்டு, 1955-இல் அறுவையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாப்காக் வில்காக்ஸ் நிறுவனத்தின் கொதிகலன் ஆலைக்குப் போய், ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு, அந்தக் கருவியால் சோதித்தார். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 1972-இல் இலண்டனில் ஸ்டூவர்ட் கேம்பல் 17 வார வயிற்றிலேயே மண்டையோடு உருவாகாத சிசுவைக் கண்டறிந்தபோது, கருவறைப் படம் முதன்முறையாகப் பிறவிக் குறையைத் தீர்மானமாகச் சொல்லும் சான்றாயிற்று. தமிழ்நாட்டில் இந்தக் கலையை வளர்த்ததில் சென்னை மெடிஸ்கேனுக்கும் அதைத் தொடங்கிய எஸ். சுரேஷுக்கும் பெரும் பங்குண்டு. பிறவிக் குறைகளுக்கான பதிவேடு ஒன்றும் 2001-இல் சென்னையிலிருந்தே தொடங்கியது.

கேளா ஒலி பார்ப்பது வடிவத்தை மட்டுமே. ஆகவே வடிவத்தில் வெளிப்படும் பரம்பரை நோய்களே அதன் பிடிக்குள் வரும். அவற்றுள் இரட்டைக் கோட்டுக் குடும்பங்களில் காணப்படும் மெக்கல்–குரூபர் கூட்டுநோய் நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மானிய உடற்கூறியலர் யோகான் மெக்கல் 1822-இல் ஒரு தாய் பெற்ற இரு சிசுக்களில் கண்டு எழுதிய இந்நோயில் மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரும்: பின்மண்டையில் ஒரு திறப்பு வழியே மூளைப் பகுதி பையாகப் பிதுங்கியிருக்கும்; இரு சிறுநீரகங்களும் நுண்ணிய நீர்க்கட்டிகளால் நிறைந்து வயிற்றை அடைத்துக்கொள்ளும்; கையிலும் காலிலும் ஆறாவது விரல் இருக்கும். இத்தகைய சிசு பிறந்தாலும் பிழைப்பதில்லை. இதைத் தேடுவதில் ஒரு முரண் உண்டு. கரு வளர வளரப் படம் தெளிவாகும் என்பது பொது அனுபவம். இந்நோயில் அது தலைகீழாகிறது. பனிக்குட நீரின் பெரும்பகுதி நான்காம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரே என்பதால், சிறுநீரகம் வேலை செய்யாத கருவில் நீர் வற்றி, சிசு கருப்பைச் சுவரோடு ஒட்டிச் சுருண்டு, திரை மங்கி, விரல்களை எண்ணவே முடியாமல் போகிறது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வாரத்திலோ நீர் இன்னும் இருக்கும், கை விரிந்திருக்கும், அனுபவமுள்ள மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்து ஐந்துக்கு மேல் ஒரு விரலை எண்ணிவிட முடியும். முன்பு ஒரு குழந்தையை இப்படி இழந்த தாய் ஐந்தாம் மாத ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் மூன்றாம் மாதத்திலேயே வர வேண்டியதன் காரணம் இதுதான். வேறு நோய்களில் நிலைமை நேர்மாறானது: பரம்பரைச் சிறுதலை நோயில் தலையின் அளவு ஐந்தாம் மாதத்தில் இயல்பாகவே இருந்து, பின்னர்தான் பின்தங்கத் தொடங்கும். எனவே நோயின் பெயர் தெரிந்தால்தான் எப்போது பார்ப்பது என்பதே தெரியும்.

வடிவத்தில் வெளிப்படாத நோய்களுக்கு ஒலி ஊசியின் வழிகாட்டியாக மட்டுமே நிற்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தச் சோகையும், இரத்தம் உறையாத ஹீமோபிலியாவும் திரையில் ஒன்றும் காட்டா. பதினோராம் வாரத்துக்குப் பின் நச்சுக்கொடித் திசுவிலிருந்து ஒரு துணுக்கையோ, பதினைந்தாம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் சிறிதளவையோ ஊசியால் எடுத்து மரபணுவைச் சோதிக்க வேண்டும். அந்த ஊசி சிசுவைத் தொடாமல் செல்வதைத் திரையே காக்கிறது. 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய வேலூர் இரத்தவியல் துறை, தலசீமியாவுக்கும் ஹீமோபிலியாவுக்கும் இத்தகைய முன்பிறப்புச் சோதனையையும் வளர்த்தெடுத்தது. வேலூருக்கு வெகுதொலைவிலிருந்து இரயிலேறி வரும் குடும்பங்கள் இச்சோதனையின் அருமையை அறிந்திருக்கின்றன. பேருந்தில் ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய குடும்பங்கள் பல, இப்படி ஒன்று இருப்பதையே தாமதமாக அறிகின்றன என்பது வருந்தத்தக்கது.

ஆனால் இந்த வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு கருவியின் குறையால் நேர்ந்தது அன்று. செத்துப் பிறந்த குழந்தையை அன்றே துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைப்பது இரு சமயத்தாருக்கும் வழக்கம். தாய்க்கு அந்த முகத்தைக் காட்டுவதும் இல்லை. காட்டினால் தாங்கமாட்டாள் என்ற இரக்கமே காரணம். அந்தச் சிறு உடலை ஓர் எக்ஸ்ரே எடுத்து, நிழற்படம் எடுத்து, தொப்புள்கொடி இரத்தத்தில் சிறிது சேமித்து, பெற்றோர் இசைந்தால் சிசு உடற்கூறாய்வும் செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நோயின் பெயர் மண்ணோடு போய்விடுகிறது. அடுத்த முறை கருவுற்று வரும்போது மருத்துவர் கையில் இருப்பது, தலை பெரிதாக இருந்தது, கை கால் குட்டையாக இருந்தது என்ற மாமியாரின் நினைவு மட்டுமே. அதற்குள் காரணமும் வேறு வழிகளில் கற்பிக்கப்பட்டிருக்கும். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், கத்தி எடுத்துக் காய் நறுக்கினாள் என்பது ஒரு காரணம். பாலாற்றுத் தண்ணீர் மற்றொன்று. தோல் ஆலைக் கழிவால் கிணறும் வயலும் கெட்டதை 1996-இல் உச்ச நீதிமன்றமே வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் விரிவாகப் பதிவு செய்திருக்கையில், ஒரு தாய் தன் குழந்தையின் குறைக்கும் அந்தத் தண்ணீரையே பழிப்பதில் வியப்பில்லை. ஆற்றுக்கு இழைக்கப்பட்ட தீங்கு உண்மை. அதற்காக ஒடுங்குநிலை நோயின் பழியையும் ஆற்றின் மேல் ஏற்றிவிட்டால், அடுத்த கருவுக்கான எச்சரிக்கை கைநழுவுகிறது. இரு தரப்பிலும் சரிபாதியாக வரும் பழுதுக்கு மருமகளை மட்டும் குற்றவாளியாக்கும் கொடுமைக்கும் அது இடம் கொடுத்துவிடுகிறது.

சட்டம் இந்தக் கருவறைப் படக் கலைக்கு இரு பக்கமும் அணை கட்டியது. சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்கேன் கருவி அதே கொலையைக் கருவறைக்குள் கொண்டுபோய்விடும் என்ற அச்சம் நியாயமானது. 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் திருத்தி விரிவாக்கப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தால், இங்கே சிசுவின் பாலினம் தெரிவிக்கப்படுவதில்லை என்ற பலகை இல்லாத ஸ்கேன் நிலையம் இருக்க முடியாதென்றாயிற்று. அதே சட்டம் மரபணு நோய்களையும் பிறவிக் குறைகளையும் தேடும் சோதனைக்கு வெளிப்படையாக இடம் விட்டது. மறுபுறம், 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தை எல்லையாக வைத்திருந்தது. குறைகளைத் தேடும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கப்படுவதால், ஐயம் தோன்றி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, மரபணு முடிவு வருவதற்குள் எல்லை கடந்துவிடும். முடிவெடுக்கும் உரிமையே இல்லாமல் அறிவை மட்டும் கொடுத்த அந்த நிலை பல்லாண்டு நீடித்தது. 2021-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதி செய்யும் கருவுக்கு வார வரம்பை நீக்கியது. கருவைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது பெற்றோரின், அதிலும் முதன்மையாகத் தாயின் முடிவு. தொடர்ந்து பெற்றுக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு, அவர்களுக்கு முன்கூட்டி அறிந்தது பிரசவ இடத்தையும் சிகிச்சையையும் ஆயத்தம் செய்யும் அவகாசத்தைத் தருகிறது.

இரட்டைக் கோடு இன்று மெலிந்து வருகிறது. மகள்கள் பள்ளி முடித்துத் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போகத் தொடங்கியதாலும், குடும்பத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளே என்றானதால் அக்காள் மகளுக்கேற்ற வயதில் தாய்மாமன் கிடைப்பதே அரிதானதாலும் அந்நியத்தில் கொடுப்பது பெருகியிருக்கிறது. ஆயினும் உறவுமுறைத் திருமண விகிதத்தில் தமிழ்நாடு இன்றும் நாட்டின் முன்வரிசை மாநிலங்களுள் ஒன்றே. ஸ்கேன் அறையில், சொந்தமா அந்நியமா என்ற கேள்விக்கு அந்நியம் என்று விடை வந்தாலும் கேள்வி முடிந்துவிடுவதில்லை. குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்ட குழுவினர் 2017-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைச் சோதித்து, அவற்றுள் 81 குழுக்கள் ஒரு சிறு மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துவந்ததால், பரம்பரை நோய்களுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவான மரபணு நெருக்கம் கொண்டிருப்பதைக் காட்டியது. உறவே இல்லாத இருவர் ஒரே சாதிக்குள் மணந்தால் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பை அந்த ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஆலோசனை அறைத் தாளில் ஒற்றைக் கோடு வரைந்த பிறகும் கேள்விகள் தொடர்கின்றன: கணவன் வீட்டாரின் பூர்விக ஊர் எது, மனைவி வீட்டாரின் ஊர் எது, இரு குடும்பத்துக்கும் குலதெய்வம் எங்கே இருக்கிறது.